கம்பவுண்டர் டாக்டரான வழக்கு

நான் கம்பவுண்டர். ஒரு டாக்டருக்குப் பக்கத்தில் பல வருடம் நின்று மருந்து கலக்கி, கட்டுப் போட்டு, டோக்கன் கூப்பிட்டவன். அவர் வயதாகி மகன் வீட்டோடு போய்விட்டார். கிளினிக்கில் அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. காலி நாற்காலியைப் பார்த்தால் யாருக்கும் உட்காரத் தோன்றும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தோன்றியது. அவரிடம் நான் கற்ற வித்தை இரண்டுதான். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது; யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடி "ம்..." என்பது. அந்த "ம்" கேட்டே பாதிப் பேருக்குக் காய்ச்சல் விட்டுவிடும். தெருவே டாக்டர் என்று கூப்பிட, எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் சளி என்று ஒருவர் வந்தார். ஊசியில் மருந்தை ஏற்றித் திரும்பினால், சட்டைக் கையைச் சுருட்ட வேண்டியவர் அடையாள அட்டையை நீட்டுகிறார். சுகாதாரத் துறை அதிகாரி.

"பட்டம் இல்லாம வைத்தியம் பார்த்தா ஜெயில்தான்" என்றார் என் வக்கீல். "நல்லவேளை, ஊசி குத்தல. கம்பவுண்டர் வேலை மட்டும்தான் பார்த்தேன்னு சாதிச்சுடலாம். உங்க மேல மரியாதை இருக்கறவங்களைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க."

மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது. கோர்ட்டில் எங்கள் தெருத் தையல்காரர் கூண்டில் ஏறிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பெரிய பெரிய டாக்டருங்க கைவிட்ட முதுகுங்க இது. இவரு போட்டாரு ஒரு ஊசி, மறுநாளே மிஷின்ல உக்காந்துட்டேன். கைராசிக்காரருங்க!"

அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே, "ஊசி போட்டது யாரு?" என்று மறுபடி கேட்டார். தையல்காரர் இன்னும் உரக்கச் சொன்னார். என் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நானோ காலரைச் சரிசெய்துகொண்டேன்.

கடைசியாக என் மனைவி ஏறினாள்.

"அந்த ஊசி பழைய டாக்டர் சொல்லிப் போட்டதுங்க. இவருக்கு வைத்தியத்துல ஒரு மண்ணும் தெரியாது. எனக்கு மஞ்சள் காமாலை வந்தப்பகூட இவரு மருந்தை நான் சாப்பிடல."

கோர்ட்டே சிரித்தது. என் தெருவே பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்தது. நீதிபதி என்னைப் பார்த்து, "உங்க மனைவி சொல்றது சரிதானா?" என்றார். என் வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். ஆமாங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று வீட்டில் சாப்பிட்டிருப்பேன்.

"பொய்ங்க! கண்ணைப் பார்த்தே காமாலைன்னு கண்டுபிடிச்சது யாரு? மாத்திரை கொடுத்து குணமாக்கினது யாரு? நான்தாங்க!"

ஆறு மாதம் கொடுத்தார்கள்.

வெளியே போலீஸ்காரர் வண்டிக்காகக் காத்திருந்தார். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"என்னைக் காப்பாத்தத்தான் நீ பொய் சொன்னேன்னு தெரியுது. ஆனா அத்தனை பேர் முன்னாடி..."

"பொய் எங்க சொன்னேன்?" என்று நிமிர்ந்தாள். "நீங்க கொடுத்த மாத்திரையைச் சாக்கடையில போட்டுட்டு, அன்னைக்கே அக்காகூட பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். உங்க மனசு நோகுமேன்னுதான் இத்தனை நாளா சொல்லல."