நாற்பது சேரட்டும்

ப்ர்னோ நகரத்து லுபோஷ் கெர்னலில் கைவைப்பவன். கெர்னல் என்பது கணினியின் அடிவயிறு. அங்கே ஒரு வரி எழுதிவிட்டால் உலகமே தன் தோளில் நிற்பதாக நினைக்கிற கூட்டம் அது. மதியம் மாவு உருண்டையைக் குழம்பில் முக்கித் தின்னும்போதும் வேறு பேச்சு வராது.

அவனுக்கு இருந்த ஒரே எரிச்சல் குறுக்கீடு. நெட்வொர்க் கார்டுக்கு ஒரு பொட்டலம் தகவல் வந்தால் போதும், புராசஸரின் சட்டையைப் பிடித்து இழுக்கும். அதுவும் கைவேலையைப் போட்டுவிட்டு, எங்கே விட்டோம் என்று குறித்துக்கொண்டு, ஓடிப்போய் வாங்கிவைத்துவிட்டுத் திரும்பும். உட்காருவதற்குள் அடுத்த இழுப்பு. பாதிப் பொழுது நடையிலேயே தீர்ந்துவிடும்.

லுபோஷ் ஒரு திருத்தம் எழுதினான். நாற்பது பொட்டலம் சேர்ந்தபிறகு கூப்பிட்டால் போதும்; சேராவிட்டால் ஒரு கெடு முடிந்ததும் கூப்பிடலாம். அந்தக் கெடுவையும் பெரிய மனது பண்ணி நீளமாகவே வைத்தான். பொட்டலங்களை வெள்ளமாகக் கொட்டிச் சோதித்தபோது பளு பாதியாகக் குறைந்தது. உடனே வரைபடத்தை அச்செடுத்துக் காப்பி இயந்திரத்தின் மேல் ஒட்டினான். அதைப் புகழாமல் ஒருவரும் காப்பி குடிக்க முடியவில்லை.

எதைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் பொறுப்பாளர் ஏற்கெனவே அவனுடைய இரண்டு திருத்தங்களை ஊரறியக் குப்பை என்று மடலில் திட்டித் திருப்பியிருந்தார். இதாவது உள்ளே போக வேண்டும். புதுத் திருத்தங்களை வாங்கும் வாசல் ஞாயிற்றுக்கிழமை மூடிவிடும். அதற்குள் இன்னொருவர் சோதித்துப் பார்த்து, திருத்த மடலின் அடியில் தன் பெயரைப் போட வேண்டும். அந்த ஒரு வரிக்காகக் காலில் விழுவார்களே ஒழிய, யாரும் பொய்யாகப் போட மாட்டார்கள். அந்தக் கூட்டத்தின் ஒரே நல்ல பழக்கம்.

எதிர்மேசை ரத்காவுக்குக் கசகசா கேக் வாங்கிக் கொடுத்தான். அவள் கேக்கைத் தின்றுவிட்டு, வெள்ளமெல்லாம் விடாமல், வீட்டிலிருந்து திருத்தம் ஓடிய சர்வருக்குள் நுழைந்து சும்மா நாலு எழுத்துத் தட்டிப் பார்த்தாள். தட்டும் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பொட்டலம்.

மறுநாள் கேட்டான்: "பேரு போட்டியா?"

"கேக் நல்லா இருந்துச்சு. பேரு போட மாட்டேன். தட்டுன எழுத்து நொண்டி நொண்டி வருது."

"சர்வர்ல உக்காந்து காதல் கடிதமா எழுதப் போற?"

"நாப்பது பேரு சேந்தாத்தான் கதவத் தொறப்பேன்னா, ஒத்தையா வந்தவன் மழையில நிக்கணுமாடா?"

அவளுக்குப் பொறாமை என்று லுபோஷ் முடிவுகட்டினான். வெள்ளச் சோதனையோடு நிறுத்திக்கொள்கிற ஆள் ஒருவன் மாடியில் இருந்தான். பெயர் போடச் சொல்லி அவனுக்கு மடல்கூட எழுதிவிட்டான். அனுப்புமுன், ரத்காவின் மூக்கை உடைக்கவென்றே அதே சர்வருக்குள் நுழைந்து தன் பெயரைத் தட்டினான். முதல் எழுத்து வந்தது. மீதி வரவில்லை. அந்த மேதை திரையை வெறித்துக்கொண்டு, தன் பெயருக்காகவே காத்திருந்தான்.

மடலை அழித்தான். வரைபடத்தைக் கிழித்தான். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றி எழுதினான்: தனியாக வந்தால் உடனே கூப்பிடு, பின்னாலேயே கூட்டம் வந்தால் கூப்பிடுவதை நிறுத்து, குவியல் தீரும்வரை புராசஸரே வந்து பார்த்துக்கொள்ளட்டும். பளு முன்போலப் பாதியாகவில்லை, கொஞ்சம்தான் குறைந்தது. ரத்கா சோதித்துவிட்டுப் பெயரைப் போட்டாள்.

பொறுப்பாளர், கடைசி நேரத்தில் புதுச்சரக்கைத் தொடுவதில்லை, அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று எழுதினார். திட்டு இல்லை. லுபோஷ் அந்தப் பதிலை விட்டுவிட்டுத் தன் திருத்த மடலையே திறந்து திறந்து, அடியிலிருந்த ரத்காவின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தான், லூசு.