மேஜர் பெரியப்பாவின் கையெழுத்து

செங்கல்பட்டில் நடந்த அந்த நில விசாரணைக்கு மேஜர் பெரியப்பா வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முகம் தெரியும் அளவுக்குத் துடைத்த ஷூ. அவர் அப்பாவின் அண்ணன். மாமல்லபுரம் பக்கத்திலிருக்கும் எங்கள் காலனியிலிருந்து ராணுவத்தில் அதிகாரியான முதல் ஆள். எங்கள் பாட்டன்களுக்கு அரசு கொடுத்து, பிறகு எப்படியோ கைமாறிப்போன சவுக்குத் தோப்பை மீட்க, ஓய்வு பெற்று வந்ததும் சங்கம் தொடங்கியவர் அவர்தான். வருடக்கணக்கில் மனு எழுதினார். அங்கே சொகுசு விடுதி கட்ட ஒரு நிறுவனம் வந்தபோது, பொக்லைன் முன்னால் முதலில் போய் உட்கார்ந்தவரும் அவரே.

அன்று எழுந்து நின்று, சங்கத்தின் சார்பில், அந்த நிலத்தில் எங்களுக்கு உரிமை இல்லை என்று நான்கே வரியில் சொல்லிக் கையெழுத்திட்டார். யாரும் கத்தவில்லை. அப்பா மட்டும், "இன்னாண்ணா இப்டி பண்ட்ட?" என்றார். பெரியப்பா படியிறங்கிப் போய்விட்டார். பணம் வாங்கிவிட்டார் என்றது ஊர். சாகும்வரை அப்பா அவரோடு பேசவில்லை. அப்பாவின் சாவுக்கு வந்த பெரியப்பா தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

போன மாதம், ஊரப்பாக்கத்தில் அவர் தனியாக இருக்கும் வாடகை வீட்டுக்குப் போய், ஏன் என்று கேட்டேன்.

"எங்க கர்னலு ரிட்டயர் ஆயி அந்தக் கம்பெனில சேந்துட்டாரும்மா. அவரு கீழ அஞ்சு வருஷம் இருந்தேன். அவரு வூட்ல விருந்துன்னா எல்லா ஆபீசரும் போவாங்க, எனக்கு மட்டும் டூட்டி போட்ருவாரு. விசாரணைக்கு மொத நாளு, அவரே நம்ம காலனிக்கு வந்தாரு. உங்க பெரிம்மா கையால தண்ணி வாங்கிக் குடிச்சாரு. இன்னொரு சொம்பு கேட்டாரு."

"அதுக்கா பெரியப்பா?"

"அதுக்குத்தான். அப்புறம் அவரு கையெழுத்து கேட்டப்ப, முடியாதுன்னு சொல்ல வாய் வர்ல."

"மறுபடி வந்தாரா?"

"வர்ல."

கோபம் வரும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கேட்டதெல்லாம் வேறு யார் வீட்டிலோ நடந்ததுபோல் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெரியப்பா மெல்ல எழுந்து, "வெயில்ல வந்திருக்க. தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார்.

தாகமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.