வெயிலுக்குக் குத்தகை

பதுளைப் பக்கத்தில் காணி விஷயம் பேச வந்திருக்கிறேன் என்று ஒரு வாசலில் போய் நின்று பாருங்கள். முதலில் நாய் குரைக்கும், பிறகு வீட்டுக்காரர் ஆரம்பிப்பார். புவனேந்திரனுக்கு இரண்டும் பழக்கம். நாய்க்கு பிஸ்கட், வீட்டுக்காரருக்குப் பொறுமை, இரண்டையும் மோட்டார் சைக்கிளில் ஏறும்போதே எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார்.

அவர் காணி விற்கிற புரோக்கர் இல்லை. அப்படிச் சொன்னால் கோபம் வந்துவிடும். சூரிய ஒளியில் கரண்ட் எடுக்கிற கொழும்புக் கம்பெனி ஒன்றுக்காகக் குத்தகை பேசுகிறவர். எந்த மலையில் வெயில் நன்றாக விழுகிறது என்று கம்பெனி படம் போட்டுக் கொடுக்கும். அந்த மலை யாருடையதோ அவரிடம் போய்ப் பேசிக் கையெழுத்து வாங்குவது இவர் வேலை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் பிறந்து, உயர்தரம் படித்து, டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றுகொண்டிருந்தவர். சிங்களமும் தமிழும் பேச ஆள் வேண்டும் என்று ஒரு நாள் சர்வேயர் ஒருவர் கூப்பிட்டார். போனவர் போனவர்தான், கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

தொழிலில் அவருக்கென்று ஒரு நடை உண்டு. முதல் தடவை போனால் காணியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். மாடு கன்று போட்டதா, வீட்டுக்காரர் முழங்கால் எப்படி இருக்கிறது, இதுதான் பேச்சு. அடுத்த தடவை போய்க் கெட்டதை எல்லாம் முதலில் சொல்லிவிடுவார். இந்த மரம் போய்விடும், இத்தனை வருஷத்துக்கு இங்கே கால் வைக்க முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்பார். வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அதை அப்படியே கொழும்புக்குச் சொல்வார். மற்ற ஆட்கள் ‘யோசிக்கிறார்களாம் சேர்’ என்று இழுப்பார்கள். இவரிடம் அந்த இழுவை கிடையாது. அதனால் புவனேந்திரன் ‘இல்லை’ என்றால் இல்லைதான் என்று கொழும்பில் எழுதாத சட்டமாகிவிட்டது.

இவ்வளவு பேருடைய காணிக்குப் பேசுகிற மனிதருக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் கிடையாது. டவுனில் வாடகை வீடு. அப்பா அம்மா இருக்கிற லயத்து ஒற்றை அறைக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். கேட்டால் சிரிப்பார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் தெமோதரைக்கு மேலே, மஞ்சக்கல் தோட்டத்தில் கைவிட்ட மலை ஒன்றைக் கம்பெனி பிடித்தது. தேயிலை எப்போதோ செத்து மானாப்புல் மண்டிக் கிடந்த மலை. படத்தின்படி இரண்டே சொந்தக்காரர்கள். உச்சியில் ஒரு துண்டு சோமதாச என்ற சிங்களக் குடியானவருடையது. மீதி எல்லாம் தோட்டம். தோட்டத்துப் பெரிய ஆட்கள் கொழும்பிலேயே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள். சோமதாசதான் இழுத்தடித்தார். மகனைக் கேட்க வேண்டும், மருமகனைக் கேட்க வேண்டும், பன்சலையில் இருக்கிற பிக்கு ஹாமுதுருவைக் கேட்க வேண்டும் என்று மாசக்கணக்கில் போனது.

சோமதாச வீட்டுக்குக் குறுக்கு வழி ஒரு மரக்கறிப் பாத்தி நடுவே போனது. ஜீவராணி என்ற லயத்துப் பெண் தோட்டம் கைவிட்ட மண்ணில் போட்ட பாத்தி அது. புருஷன் கஜேந்திரன் கொழும்பில் ஹோட்டல் வேலை, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் முகம் காட்டுவார். இந்த அம்மாள் கொழுந்து பறித்து வந்த கையோடு புல்லைப் பிடுங்கி, கல்லைப் பொறுக்கி அணை கட்டி, ஓடையிலிருந்து குழாய் இழுத்து, போஞ்சியும் முட்டைக்கோவாவும் போட்டிருந்தார். அந்தப் போஞ்சியில்தான் இரண்டு பெண் பிள்ளைகளும் படித்தார்கள்.

புவனேந்திரன் வருகிற போதெல்லாம் ஜீவராணி மண்வெட்டியைத் தள்ளிவைத்து வழி விடுவார். ஒரு தடவை ஒரு பை போஞ்சி கொடுத்தார், அதையும் இவர் வாங்கிக்கொண்டு போனார். லயத்துக்கு ரோடு போடத்தான் அளக்கிறார்கள் என்று ஜீவராணி நினைத்திருந்தார். ரோடு எப்போது வரும் தம்பி என்று கேட்பார். இவர் பல்லைக் காட்டிவிட்டு ஏறிப் போய்விடுவார். இதை எப்படிச் சொல்வது? கெட்ட மனிதர் இல்லை. சோமதாசவின் நினைப்பிலேயே இருந்தார், அவ்வளவுதான்.

சோமதாச ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு இறங்கி வரும்போது பார்த்தால், சர்வேக்காரர்கள் போஞ்சிக் கம்புகளுக்கு நடுவே சிவப்பு நாடா கட்டிய ஆப்பு அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜீவராணி அந்த ஆப்பு ஆடாமல், சுற்றிப் பக்குவமாக மண் கொத்திக்கொண்டிருந்தார். ரோட்டு ஆப்பு கலைந்துவிடக் கூடாதாம். புவனேந்திரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலே இருக்கிற ஒருவரைக் கேட்பதற்காக, கீழே இருக்கிற ஒருவரை மிதித்துக்கொண்டே ஏறியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

கம்பெனி எஞ்சினியர் ஹபீஸ் பதுளைக்காரர், இவருக்குக் கூட்டாளி. இந்தப் பாத்திக்காரர்களிடம் யார் சொல்வது என்று அவரைக் கேட்டார். தோட்டத்து ஒபீஸில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அது நம்முடைய வேலை இல்லை, நீ வீட்டுக்குப் போ என்றார் ஹபீஸ். வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சாயந்தரம், கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பிய பிறகு, மோட்டார் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டுப் படிவழியாக ஏறி ஜீவராணியின் காம்பராவுக்குப் போனார். மாடு கன்றுப் பேச்செல்லாம் வரவில்லை. நேராகவே சொன்னார். ரோடு இல்லை, கரண்ட் கம்பெனி, தோட்டம் கையெழுத்துப் போட்டாயிற்று, பாத்தி முழுக்க வேலிக்குள் போகிறது.

ஜீவராணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அது போனால் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கொழும்பில் யார் வீட்டிலாவது வேலைக்குத்தான் போக வேண்டும் என்றார். அழவில்லை. பிறகு கேட்டார்.

“நான் வேணாம்னு சொன்னா என்ன தம்பி ஆகும்?”

“ஒண்ணும் ஆகாதுக்கா. எடுத்துருவாங்க.”

“அப்புறம் எதுக்கு இவ்வளவு படி ஏறி வந்தீங்க?”

வாயால் பிழைக்கிற புவனேந்திரன், கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். மேலே சோமதாச மாத்தையாவிடம் என்னென்ன கேட்டீர்கள் என்று விசாரித்தார் ஜீவராணி. தருகிறீர்களா என்று கேட்டேன், எந்தப் பக்கம் தருகிறீர்கள், எப்போதிலிருந்து, பதிலுக்கு என்ன வேண்டும், இதெல்லாம் கேட்டேன் என்றார் இவர்.

“அதையே என்னையும் கேளுங்க.”

கேட்டார். ஒன்று விடாமல், சோமதாசவிடம் கேட்ட அதே மரியாதையோடு கேட்டார். ஜீவராணியும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். மேலே கல் கிடக்கிற பக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஓடைப் பக்கம் தரமாட்டேன். இந்தப் போகத்தைப் பறித்து முடிக்கிறவரை ஒருவரும் வரக் கூடாது. தண்ணீர்க் குழாயில் கை வைக்கக் கூடாது. வேலிக்குள்ளே புல் வெட்ட ஆள் எடுத்தால் இந்த லயத்தில் எடுக்க வேண்டும். பழக்க தோஷம், ஓடைப் பக்கத்திலும் ஒரு பாதியை விட்டுக்கொடுங்களேன் அக்கா என்று இவர் இழுத்துப் பார்த்தார். ஆசையைப் பாரு என்று சிரித்துவிட்டார் ஜீவராணி. ஓடைப் பக்கம் ஓர் அடிகூடப் பெயரவில்லை.

ஹபீஸிடம் போய்ச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அந்தப் பொம்புளைட பேர்ல ஒரு துண்டும் இல்லயே மச்சான். வேலிய மாத்தச் சொல்லி நான் கொழும்புக்கு என்னண்டு சொல்ற?”

நீ சொல்ல வேண்டாம் என்று போனை எடுத்தார் புவனேந்திரன். குத்தகைகளைப் பார்க்கிற கொழும்பு மேடத்தைக் கூப்பிட்டு, நிதானமான சிங்களத்தில் பேசினார். ஓடைப் பக்கத்துக் காணிக்காரி சம்மதிக்கவில்லை. மேல்பக்கத்தை மட்டும் தருகிறார். நிபந்தனைகள் இவை. சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஹபீஸ் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் பெயரைக் கேட்டார். ஜீவராணி என்றார். படத்தில் இல்லாத பெயர்தான், ஆனாலும் இந்த மனிதர் இதுவரை பொய்யாக ஒரு ‘இல்லை’ கொண்டுவந்தது கிடையாது. அதனால் அந்த அம்மாள் உறுதிப் பத்திரத்தைக் கேட்கவில்லை. ஓடைப் பக்கம் எப்படியும் நிழல் விழுகிற இடம்தானே, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். நீங்கள் இதைப் பொய் என்பீர்கள். சட்டப்படி பார்த்தால் பொய்தான். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஆப்பைப் பிடுங்கி மேலே கல்லுப் பக்கம் அடித்த அன்றைக்கு, சாயந்தரம் லயத்துக்குப் போய் ஜீவராணியிடம் விஷயத்தைச் சொன்னார் புவனேந்திரன். மறைக்கவும் இல்லை. நாளைக்குத் தோட்டமே நினைத்தாலும் கீழ்ப்பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம் அக்கா, எழுத்தில் ஒன்றும் கிடையாது என்றார். அது எனக்குத் தெரியாதா தம்பி என்றார் ஜீவராணி. பிறகு, கொழும்புக்காரர்களிடம் என்ன சொல்லி மாற்ற வைத்தீர்கள் என்று கேட்டார்.

“காணிக்காரி சம்மதிக்கலன்னு சொன்னேன்.”

“யாரு?”

“நீங்கதான்க்கா. காணிக்காரின்னு சொன்னேன்.”

ஜீவராணி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய், பக்கத்துக் காம்பராக்காரி கலாராணியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அவள் கை ஈரத்தோடு ஓடி வந்தாள்.

“ஏ கலா, இங்க வந்து கேளு. தம்பி, கொழும்புல என்னய என்னன்னு சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க.”

புவனேந்திரன் எழுந்து நின்று இன்னொரு தடவை சொன்னார்.