கம்பியில் மாட்டிய கை

"ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல. நீ என்ன டாக்டர் ஆத்தா?" என்று கேட்டார், திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் அந்த அம்மா.

"பிசியோதெரபிஸ்ட்" என்றேன் நிமிர்ந்து. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான்.

அவருடைய வலது தோள் இறுகிக் கிடந்தது. பல மாதங்களாக அந்தக் கையை இடது கையால் தூக்கி, விரல்களைப் பந்தல் கம்பியில் மாட்டிவிட்டு, ஒற்றைக் கையால் கொடி கட்டியிருக்கிறார்.

"வலிக்க ஆரம்பிச்சப்பவே வந்திருக்கலாமேம்மா?"

"அப்ப வேலை ஓடுச்சே! ஓடுற கைக்கு யாரு வைத்தியம் பாப்பாக?"

பயிற்சி கொடுத்தும் கை தோளுக்கு மேல் எழவில்லை. கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலை தொடங்கியதும் வருவதை நிறுத்திவிட்டார்.

இன்று அவரைத் தேடி, கோம்பை ஊரில் அவர் வேலை செய்யும் தோட்டத்துக்குப் போனேன். அவர் இல்லை. அவர் இடத்தில் ஓர் இளம்பெண், அவரைப் போலவே வலது கை விரல்களைக் கம்பியில் மாட்டியபடி நின்றாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தோளைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.