சாட்சிக் கூண்டில் விசாலாட்சி டாக்டர்

சென்ற வாரம் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. விசாலாட்சி டாக்டரின் மகள். "அம்மா போயிட்டாங்க மாமா. கஷ்டப்படல" என்றாள். மாட்டிய கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

போடியில் பல் டாக்டரான அவரிடம் வாயைத் திறந்து காட்டாத குடும்பம் குறைவு. ஆகவே அவருடைய கைராசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களில் பலர் அறியாத ஒன்றை நான் அறிவேன். அவர்மீது ஒரு வழக்கு வந்தது. அதில் அவருடைய வக்கீல் நான்.

ராசிங்காபுரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் படித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் போடியில் கிளினிக் திறந்தார். பெண் டாக்டர் பல் பிடுங்குவாரா என்று ஊர் சந்தேகப்பட்ட காலம். சிலமலையிலிருந்து வந்த ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், "ஆம்பள டாக்டரு யாரும் இல்லையா தாயி? கடவாப்பல்லு, பலம் வேணும்ல" என்று கேட்டார். "பலம் கெணறு வெட்டத்தான்ணே வேணும். பல்லுக்குப் பொறும போதும். வாயத் தொறங்க" என்றார் டாக்டர். அடுத்த ஆளாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் வலியை மறந்து சிரித்துவிட்டேன். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

சில ஆண்டுகள் கழித்து, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறிக்கும் பேச்சியம்மாள் என்ற பெண், கடைசிக் கடைவாய்ப் பல் சீழ்பிடித்து வந்தாள். டாக்டர் பல்லை எடுத்தார். வலி போயிற்று. ஆனால் கீழுதட்டின் ஒரு பாதியும் தாடையும் மரத்தது மரத்ததுதான். வேருக்கு அடியில் ஓடும் நரம்பு அடிபட்டிருந்தது. சூடான டீ உதட்டைப் பொசுக்கினால் அவளுக்குத் தெரியாது. வாயோரம் சோறு ஒட்டியிருந்தால் தெரியாது. வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாததால், வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்று உடன் வேலை செய்தவர்களே பேசினார்கள். மாதங்கள் போயும் சரியாகவில்லை. அவளும் கணவனும் வக்கீல் வைத்து நோட்டீஸ் அனுப்பினார்கள்.

அந்த நோட்டீசோடு டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். "நம்பி வந்த பொண்ணு சார். என் கையால இப்பிடி ஆகிப்போச்சு" என்றுதான் தொடங்கினார். வழக்கைப் பற்றிப் பேசவே நேரமாயிற்று. இம்மாதிரி சமயத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சிகிச்சைக் குறிப்பில் ஒரு எழுத்தைக் கூட்டவோ அடிக்கவோ கூடாது. யாரிடமும் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. அவர்களிடம் எதைச் சொல்வதானாலும் என் வழியாகத்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அப்ப அவளுக்கு இனிமே யாரு வைத்தியம் பாக்குறது?" என்று கேட்டார். அவரே மதுரையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் ஏற்பாடு செய்தார். எதிர்த்தரப்பு வக்கீலிடம் நான் அதைச் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பேச்சியம்மாள் மதுரைக்குப் போய்வரத் தொடங்கினாள்.

வழக்கு பெரியகுளம் கோர்ட்டில் நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் கையெழுத்து வாங்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பேச்சியம்மாள் வேலை பார்த்த தோட்டத்தின் முதலாளி அங்கே இருந்தார். போடிக்காரர், டாக்டரிடம் நெடுநாளாக வைத்தியம் பார்ப்பவர்.

"இதுக்கா கோர்ட்டுக்கு அலையிறீக? நாளையில இருந்து வேலைக்கு வரவேணாம்னு ஒரு சொல்லு சொல்றேன். புருசனும் பொண்டாட்டியும் கேச வாபஸ் வாங்கிட்டு வந்து நிப்பாக" என்றார்.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "அண்ணே, கேஸ் போட்டது அவுக உரிமை. அவுக சோத்துல நீங்க கை வச்சீகன்னா, அதையும் நானே கோர்ட்டுல சொல்லிருவேன்."

முதலாளி முகம் சிவந்து வெளியேறினார். பேச்சியம்மாளின் வேலை தப்பியது. ஆனால் முதலாளியின் குடும்பம் கிளினிக்குக்கு வருவதை நிறுத்தியது. அவர் சொந்தக்காரர்களும் நிறுத்தினார்கள். பல நாட்கள் பெஞ்சு காலியாகவே கிடந்தது. விசாலாட்சி டாக்டர் அஞ்சாதவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "பயமாத்தான் இருக்கு சார். மூடிட்டு எங்கயாவது போயிருவமான்னு தோணுது. ஆனா காலைல கதவத் தொறந்தா யாராவது வீங்கின கன்னத்தோட நிக்கிறாக" என்று என்னிடம் சொன்னவர் அவர்.

வழக்கில் எங்கள் பக்கம் பலமாகவே இருந்தது. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அபூர்வமாக இப்படி நேரக்கூடும் என்று வேறொரு மருத்துவர் சாட்சி சொன்னார். ஒரே ஓட்டை, இதை டாக்டர் பேச்சியம்மாளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"அவங்க கேக்கலேன்னா நாமளா எடுக்க வேண்டாம்" என்றேன்.

"கேட்டா?"

"உள்ளதச் சொல்லுங்க. ஆமா, இல்ல, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தையும் வேண்டாம்."

கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே கேட்டார். "பல்லை எடுக்கும் முன், உதடு மரத்துப்போக வாய்ப்புண்டு என்று இவரிடம் சொன்னீர்களா?"

"இல்ல" என்றார் டாக்டர். அத்தோடு நிற்பார் என்று நினைத்தேன். அவர் பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார். "சொல்லியிருக்கணும். அபூர்வமா வர்றது, சொன்னா பயந்துருவாகன்னு விட்டுட்டேன். பயப்படுறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவுக. நான் இல்ல."

நான் குனிந்து கேஸ் கட்டைப் புரட்டினேன். எதுவும் கண்ணில் படவில்லை.

சிகிச்சையில் குறையில்லை, முன்கூட்டிச் சொல்லாததுதான் குறை, அதற்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. அப்பீலில் ஜெயிக்கலாம் என்றேன். "ஜெயிக்கலாம் சார். கூண்டுல நின்னு நான் சொன்னத நானே மறுத்த மாதிரி ஆகாதா?" என்று கேட்டுவிட்டு, தொகையைக் கட்டினார்.

பணம் கட்டிய அன்று கோர்ட்டு வராந்தாவில் பேச்சியம்மாள் அவரிடம் வந்தாள். "டாக்டரம்மா, நீங்க மழுப்பிருவீகன்னுதான் எல்லாரும் சொன்னாக. அன்னைக்குக் கூண்டுல நின்னு நீங்களே ஒத்துக்கிட்ட பொறகு, நான் நடிக்கலன்னு எங்க தோட்டத்துல அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போச்சு. அது போதும் எனக்கு." டாக்டர் அவள் தாடையைத் தொட்டு, "இங்கன தெரியுதா? இங்கன?" என்று கேட்டார். "லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றாள். டாக்டர் அப்போதுதான் அழுதார்.

கிளினிக்கில் கூட்டம் மெல்லத் திரும்பியது. முதலாளி கடைசிவரை வரவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் பேச்சியம்மாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தாளாம். "மொதல்ல என்னென்ன ஆகும்னு வெவரமாச் சொல்லுங்க. அப்பறம் இவள வாயத் தொறக்கச் சொல்றேன்" என்றாளாம். இதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் டாக்டர்.

நான் தோற்ற வழக்குகளில் நன்றியோடு நினைப்பது இது ஒன்றைத்தான். அதற்குப் பிறகு என்னிடம் வரும் எவரிடமும் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன், எந்த இடத்தில் தோற்கலாம், வழக்கு அவரை எப்படியெல்லாம் அலைக்கழிக்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். என் குமாஸ்தாவுக்கு அதில் வருத்தம்தான். மீதிப் பேர் உட்கார்ந்து, யோசித்து, கையெழுத்துப் போடுகிறார்கள். தோற்ற பிறகும் என் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். விசாலாட்சி டாக்டரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது.