கட்டிங் மாஸ்டருக்கு ஒரு தொப்பி

1. முட்டை முகத்து டம்மி

தொப்பிக் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி என்னை சாம்பிள் ரூமுக்குக் கூட்டிப்போய் மேஜை மேலிருந்த ஒரு ஃபைபர் தலையைக் காட்டினார். கண் கிடையாது, மூக்கு பேருக்கு இருந்தது, முகவாய் முட்டையின் அடிப்பக்கம் போல வழவழவென்று இறங்கியது. "இந்த டம்மிக்குப் பொருந்துச்சுன்னா உலகத்துக்கே பொருந்துமுங்கம்மா" என்றார். நானும் பல வருடம் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

கம்பெனி இருப்பது அருள்புரத்தில். ஊரே பனியன் தைக்கிறபோது தொப்பி தைக்கிற சில பேரில் நாங்களும் சேர்த்தி. நான் சாம்பிள் இன்சார்ஜ். ஒரு தொப்பி தைத்து வந்ததும் உள்சுற்றளவை டேப்பில் அளப்போம். ஆர்டர் கொடுத்தவர் அனுப்பிய ஸ்பெக் ஷீட்டில் உள்ள அளவும் அதுவும் ஒத்துப்போனால் ஓகே டேக் போட்டுவிட்டு அடுத்த வேலை. எங்கள் கம்பெனியில் ஒருத்தரும் தொப்பி போட்டு நான் பார்த்ததில்லை. வெயிலுக்குத் தலையில் துண்டு, வண்டிக்கு ஹெல்மெட், அவ்வளவுதான்.

கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் முதலாளி ஒரு சின்ன ஷோரூம் திறந்து, மீதமான சரக்கை விற்கச் சொல்லி அதையும் என் தலையில் கட்டினார். வம்பு அங்கேதான் ஆரம்பம். வந்தவர்களுக்கெல்லாம் முகம் இருந்தது! சுற்றளவு கச்சிதமாக இருக்கும், ஆனால் கண்ணாடியைப் பார்த்ததும் ஆளுக்கு மூஞ்சி தொங்கிப்போகும். வாங்காமலே போய்விடுவார்கள். பிறகுதான் டேப்பைக் கீழே வைத்துவிட்டு ஆளைப் பார்க்கப் பழகினேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முடியை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். முகத்தில் எந்த இடம் அகலம் என்று பாருங்கள். கன்னம் அகன்று, நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வட்ட முகம். அதற்குத் தொப்பியின் மேல்பாகம், நாங்கள் கிரவுன் என்போம், உயரமாக நிற்க வேண்டும். தலையோடு ஒட்டுகிற பனியன் துணிக் குல்லா போட்டால் முகம் இன்னும் உருண்டுபோகும். நீள முகத்துக்கு நேர் எதிர்: கிரவுன் தாழ்வாக, சுற்று விளிம்பு அகலமாக. தாடை சதுரமாக இருந்தால் விளிம்பு வளைந்து தொங்குகிற மெத்தென்ற தொப்பி. நெற்றி அகன்று முகவாய் கூராக இருந்தால் விளிம்பு நடுத்தரமாகப் போதும், அதற்கு மேல் போனால் குடைக்காளான்தான்.

2. கதவைச் சாத்திவிட்டு வந்தவன்

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கட்டிங் மாஸ்டர் கதிர்வேல் சாம்பிள் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தினான். தனக்கு ஒரு கேப் வேண்டும் என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து கேப் துணியாக வெட்டித் தள்ளுகிறவன், இத்தனை நாளில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்ததில்லை.

அவன் சிரிக்கவில்லை. "ஊட்ல பொண்ணு பாக்கறாங்கக்கா. போற பக்கமெல்லாம் என்ற ஃபோட்டோவப் பாத்துப்போட்டு ஜாதகம் சேரலீங்கறாங்க. ஜாதகம் என்னங்க, என்ற மண்டையிலயா இருக்குது?"

முப்பது தாண்டிய கையோடு அவனுக்கு நெற்றி ஏற ஆரம்பித்து, இப்போது உச்சிவரை போயிருந்தது. எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது என்ன பாடு என்று இங்குள்ள அம்மாக்களைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். இதில் வழுக்கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல உழைப்பாளி, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அவனுடைய வாட்டத்தைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருந்தது.

உட்கார வைத்தேன். மற்றவர்களை முதலில் முடியை ஒதுக்கச் சொல்வேன், உன்னிடம் அந்த வேலை மிச்சம் என்றதும் அவனே சிரித்துவிட்டான். வட்ட முகம். ஆனால் அவன் கை நேராகப் புருவம்வரை இழுத்துவிடுகிற குல்லாவுக்குத்தான் போனது. முழுசாக மறைக்குமாம். போட்டுவிட்டேன், பந்துக்கு உறை போட்டது போல இருந்தது. கழற்றி எறிந்தான்.

கடைசியில் கருநீலத்தில் ஒரு கேப் எடுத்தேன். முன்பக்கம் விறைப்பாக நிற்கும், முன்விளிம்பு லேசாக வளைந்திருக்கும். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, துளி ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தேன். அவன் கீழே இழுப்பான், நான் மேலே தூக்குவேன். "மறைக்கோணும்னு போட்டா இழுக்கத்தான் தோணும் கதிரு. மூஞ்சியக் காட்டோணும்னு போடு" என்று ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் கையை எடுத்தான். அப்புறம் பார்த்தால், இவனுக்கு இவ்வளவு நல்ல கண்ணா என்று இருந்தது. சிரித்தால் கன்னத்தில் குழி வேறு. என் ஃபோனிலேயே மூன்று படம் எடுத்துக் கொடுத்தேன். பெண் கேட்டால் முடி விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றும் கறாராகச் சொன்னேன். தலையாட்டினான்.

படங்கள் தாராபுரத்துக்குப் போயின. பெண் பெயர் வாணி, ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இந்த முறை ஜாதகப் பேச்சே எழவில்லை. நேரில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. கதிர்வேலின் அம்மா பை நிறைய முருங்கைக்காயோடு கம்பெனிக்கே வந்து, நான் சொன்னால் அவன் கேட்பான், கூடவே வரவேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

3. கோபுர வாசலில்

பெண் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வருவதாக இருந்தது. அதனால் பக்கத்தில் திருமுருகன்பூண்டிக் கோயிலில் பார்ப்பது என்று பேச்சு. எங்கள் பக்கம் முதல் பார்வை பெரும்பாலும் கோயிலில்தான். பிடிக்காவிட்டால், சாமி கும்பிட வந்தோம் என்று இரண்டு பக்கமும் மரியாதையாகக் கலைந்து போகலாம்.

காரில் போகும்போதுகூட நான் அவன் கேப்பைச் சரி செய்துகொண்டே வந்தேன். இறங்கி, செருப்பை விட்டு, பூ வாங்கினோம். பூக்கார அம்மா கதிர்வேலை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமி, தொப்பியக் கழட்டிப்போட்டு உள்ள போங்க. கோயிலுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த கிரவுன், எந்தக் கலர், எத்தனை விரல் மேலே என்று அவ்வளவு மண்டையை உடைத்திருக்கிறோம். பார்க்கப்போவது கோயிலில் என்று மூன்று பேருக்கும் தெரியும். கோயிலுக்குள் தொப்பி ஆகாது என்பதும் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருத்தருக்கும் புத்தி வரவில்லை! நாமே ஒருநாளும் தொப்பி போட்டுப் பழகாததன் லட்சணம் இது.

கதிர்வேல் அப்படியே நின்றுவிட்டான். தலைவலி என்று சொல்லிவிடுங்கள், நான் காரிலேயே இருந்துகொள்கிறேன் என்றான். அவன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங் கதிரு, அந்தப் புள்ள சீவிச் சிங்காரிச்சுத் தாராபுரத்துல இருந்து வந்து நிக்குது. நம்மளப் புடிக்குமோ புடிக்காதோன்னு அதுக்கு மட்டும் இருக்காதா? கழட்டு."

கழற்றினான். கேப்பின் உள்பட்டை நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. கேப்பை என் கைப்பையில் திணித்தேன். முன்பக்கம் நசுங்குமே என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு கவலை.

சாமி கும்பிட்டு முடிந்ததும், பெரியவர்கள் கொடிமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, சின்னவர்களைப் பிரகாரம் சுற்றி வரச் சொன்னார்கள். நானும் வாணியின் சித்தியும் நாலடி பின்னால் துணைக்குப் போனோம். கதிர்வேல் தரையைப் பார்த்தபடியே நடந்தான். குனிந்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

வாணிதான் முதலில் பேசினாள், ஃபோட்டோவில் தொப்பி போட்டிருந்தீர்களே என்று.

"வெளிய கழட்டிட்டனுங்க. எனக்கு முடி கம்மிங்க. சொல்லோணும்னுதான் இருந்தனுங்க."

"தெரியுமுங்க. மூணு ஃபோட்டோலயும் தொப்பின்னா வேற என்னங்க இருக்கும்?"

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அந்தப் பெண் பேச்சை நிறுத்தவில்லை. கேப் அவனுக்கு நன்றாக இருந்தது என்றாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும்போது வெயில் தாங்கவில்லை என்று தானும் ஒரு தொப்பி வாங்கியதையும், சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருக்கிறாய் என்று அண்ணன் கிண்டல் செய்ததையும் சொன்னாள். அது எப்படிப்பட்ட தொப்பி என்று கதிர்வேல் தரையிடமே கேட்டான். மேலே உயரமாக நிற்கும், விளிம்பு துளிதான் என்றாள்.

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். பெண் பார்க்க வந்தவன் என்பதே மறந்துபோய், துணியில் குறை தேடுகிற அதே கண்ணோடு அவள் முகத்தை நெற்றியிலிருந்து முகவாய்வரை பார்த்தான்.

"அதானுங்க தப்பு. உங்களுக்கு முகம் கொஞ்சம் நீளமுங்க. மேல தாழ்வா, விளிம்பு அகலமா இருக்கோணும். ஆனா நெத்திய மறைக்கக் கூடாதுங்க. உங்க நெத்தி நல்லா இருக்குதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. காது இரண்டும் சிவந்துபோயிற்று. இந்த முறை வாணி தரையைப் பார்த்தாள்.

4. ஃபோன் பண்றமுங்க

கிளம்பும்போது வாணியின் அப்பா கும்பிட்டு, "ஊருக்குப் போயி ஃபோன் பண்றமுங்க" என்றார். எங்கள் ஊர் மரியாதையில் இதற்குப் பல தடவை ‘வேண்டாம்’ என்றுதான் அர்த்தம். திரும்பும்போது காரில் கதிர்வேல் கேப்பைக் கேட்டு வாங்கி மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். நான் அதைத் தூக்கிவிடவில்லை.

மறுநாள் மதியம்வரை ஒரு தகவலும் இல்லை. சாப்பிட உட்காரும்போது சாம்பிள் ரூம் கதவை இடித்துக்கொண்டு வந்து நின்றான், மூச்சு வாங்கியது. வாணியே அவனை ஃபோனில் கூப்பிட்டிருக்கிறாள்.

"தலைச் சுத்தளவு அம்பத்தஞ்சு சென்டி வருதுன்னு சொல்லுதுங்கக்கா. அதுக்கு ஒரு தொப்பி நானே வெட்டோணும்னு சொல்லுது. இதுக்கு என்னங்கக்கா அர்த்தம்?"

"அட கூறுகெட்டவனே" என்று திட்டினேன். திட்டும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அப்பா முறைப்படி ஃபோன் செய்து சம்மதம் சொன்னது அன்று சாயங்காலம்தான்.

இன்றைக்கு ஷோரூமில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் இரண்டே விஷயம் சொல்கிறேன். தொப்பியை எங்கே போட்டுக்கொண்டு போகப்போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். அப்புறம் டேப்பை எடுக்குமுன் எதிரில் நிற்பவரை நிமிர்ந்து பாருங்கள். அளவை ஃபோனிலேயே வாங்கிவிடலாம், முகத்தை நேரில்தான் பார்க்க வேண்டும்.

வாணி கூப்பிட்ட அன்று கட்டிங் டேபிளைப் பார்த்த பிறகுதான் எனக்கே இது முழுசாக விளங்கியது. துணியை அடுக்கடுக்காகப் போட்டு மெஷினில் ஒரே ஓட்டமாக அறுக்கிறவன் கதிர்வேல். அன்று மெஷினை அணைத்துவிட்டு, ஒரே ஒரு அடுக்குத் துணியை விரித்து, கையால் நீவி நீவி, கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தான்.