மை வைக்காத ஊரில் என் மகளின் ஓட்டு

மகள் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து அந்த நாட்டுத் தேர்தல்கள் எங்கள் வீட்டு விவகாரமாகிவிட்டன. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வார்டு கவுன்சிலர் யாரென்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். அவள் இருக்கும் ஊரில் எந்தக் கட்சிக்கு எந்தப் பக்கம் பலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அமெரிக்காவோ அதற்கு முன்பே எங்கள் பிழைப்புக்குள் வந்துவிட்டது. பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் மேனேஜர். அங்கே அதிபர் வரியை ஏற்றுவதாகச் சொன்னால் இங்கே எங்கள் குடோனில் சாக்குகள் அசையாமல் நிற்கும். அடுத்த வாரம் அவரே குறைப்பதாகச் சொல்வார். வாங்குகிறவன் ‘பொறுங்கள், இன்னும் குறையட்டும்’ என்பான். அப்போதும் சாக்குகள் நிற்கும்.

"யாரு சாரே இந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டது?" என்று எதிரே சாயாக்கடை வைத்திருக்கும், நாங்கள் இக்கா என்று கூப்பிடும் மலையாளி அண்ணன் கேட்பார்.

"அந்த ஊர் ஜனங்கதான்."

"அவங்களுக்கு ஜலதோஷமே பிடிக்காதா? சுக்கு வேண்டாமா?"

சிரித்துவிட்டு சாயாவைக் குடிப்போம். சுக்கைப் பற்றி என்னால் சிரிக்க முடியும். மகளைப் பற்றி முடியாது.

அவள் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். பிரிட்டனில் ஆட்சி மாறியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. புதியவர்கள் எங்களைப் போன்றவர்களைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள் என்று நம்பினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஐந்து வருடம் வேலை செய்தால் நிரந்தரமாகத் தங்கலாம் என்றிருந்ததைப் பத்து வருடமாக்கப் போவதையும் மரியாதையாகவே சொன்னார்கள். எதிர்க்கட்சிகள் அது போதாது என்றன. எந்தப் பக்கம் ஜெயித்தால் என் மகளுக்கு நல்லது என்று எவ்வளவு படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. யார் அதிகக் கடுமை என்பதில்தான் அங்கே போட்டி.

ஆட்சி மாறிய அந்தக் கோடையில்தான் அவள் ஊரில் கூட்டம் கூடியது. வெளிநாட்டுக்காரர்களை வெளியேற்று என்று கத்திக்கொண்டு போனார்கள். அவள் வழக்கமாக அரிசி வாங்கும் கடையின் கண்ணாடியை உடைத்தார்கள். ஆஸ்பத்திரியில் எங்கள் நிறத்துக்காரர்களை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து டாக்சியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரையை இழுத்துவிட்டு, விளக்குப் போடாமல் தரையில் உட்கார்ந்தபடி போனில் பேசினாள். "ஒண்ணும் இல்லப்பா, சத்தம் தூரத்துலதான் கேக்குது" என்றாள். சத்தம் எனக்கே கேட்டது. கூட்டம் கலைந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. இன்றும் அவள் வழக்கமில்லாத நேரத்தில் கூப்பிட்டால் முதலில் அவளுக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்றுதான் கவனிக்கிறேன்.

அப்படியிருக்கையில்தான் போன சித்திரையில் அவள் கூப்பிட்டு, "எனக்கு ஓட்டு வந்திருக்கு" என்றாள். அந்த ஊர் கவுன்சில் தேர்தல். இந்தியக் குடிமகளாக இருந்தாலும், காமன்வெல்த் நாட்டிலிருந்து வந்து முறையாகக் குடியிருக்கிறவள் என்பதால் அங்கே ஓட்டுப் போடலாமாம். நம்மை ஆண்டுவிட்டுப் போனவர்கள் மறந்துபோய் விட்டுவைத்த உரிமை போலிருக்கிறது. அந்தக் கூட்டத்தோடு நடந்துபோன ஒருவர் அவள் வார்டில் நிற்கிறார் என்றும் சொன்னாள்.

"நீ போக வேண்டாம், மோளே" என்றேன்.

"ஏம்ப்பா?"

"நமக்கெதுக்கு அந்த ஊர் அரசியல்? போனமா, வேலையைப் பார்த்தமான்னு இரு." அதோடு நிறுத்தாமல் உள்ளதைச் சொன்னேன்: "விரல்ல மை இருக்கும். பஸ்ல எவனாவது பார்த்தா? இவளுக்கு ஏது ஓட்டுன்னு வம்புக்கு வந்தா? சட்டுனு போகாது பார்த்துக்கோ, நகத்தோட வளர்ந்துதான் போகும்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "அப்பா! இங்கே மையே கிடையாது. பென்சில் குடுப்பாங்க. பெருக்கல் குறி போட்டுட்டு வந்துடணும்."

எங்கள் வீட்டில் ஓட்டு என்றால் மைதான். காலையிலேயே குளித்து, மூன்று பேருமாக நடந்து போய் பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்போம். திரும்பியதும் விரல்களைச் சேர்த்துவைத்து ஒரு போட்டோ எடுப்போம். முதல் ஓட்டுப் போட்ட வருடம் மகள் ஒரு வாரம் இடது கையால் எதையும் தொடவில்லை, மை மங்கிவிடும் என்று. அப்படிப்பட்டவளிடம்தான் மையைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறேன்.

பென்சில் விஷயத்தை இக்காவிடம் சொன்னேன். சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"பென்சிலா? ரப்பரும் கூடவே குடுப்பாங்களா?"

"ராஜ்யம் ஆண்டவங்க, இக்கா."

"பென்சில் வச்சா சாரே ஆண்டாங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "மோள் போகுதா?"

"வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

"வேண்டாம்னா கேக்கற மோளா அது?"

தேர்தல் நாளில் அங்கே காலை ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு. நமக்கு மதியம் நெருங்கும் நேரம். வேலைக்குப் போகும் வழியில் போட்டுவிட்டுப் போவதாக அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். மனைவி என்னிடம் அதைச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் கொடுக்கும்போதுதான் சொன்னாள்.

"நீ சரின்னுட்டியா?"

"அவளுக்கு வந்த ஓட்டு. நான் யாரு சரின்னு சொல்ல?" என்றாள். ஆனால் பூஜை அலமாரியில் காலை வேளைக்கு வழக்கமில்லாத இரண்டாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆபீசில் சுக்கு சாம்பிளை முறித்துப் பார்த்தேன், முகர்ந்தேன், முறித்ததையே மறுபடி முறித்தேன். போன் மேஜைமேல் கிடந்தது. பஸ்ஸில் ஏறியிருப்பாள், இறங்கியிருப்பாள் என்று மனதுக்குள் அவளோடு போய்க்கொண்டிருந்தேன். நான் பார்த்திராத அந்தத் தெருவில் எல்லா முகங்களும் என் கற்பனையில் கோபமாகவே இருந்தன. சாப்பாட்டைத் திறக்கவில்லை.

போன் ஒளிர்ந்தது. ஒரு போட்டோ. அவளுடைய இடது ஆட்காட்டி விரல். நகத்திலிருந்து தோல்வரை இறங்கும் ஒரு நீலக் கோடு.

உடனே கூப்பிட்டேன். "மை கிடையாதுன்னு சொன்னியே!"

"கிடையாதுதான். வெளியே வந்து நானே மார்க்கர்ல போட்டுக்கிட்டேன். பென்சில்ல போட்டுட்டு வந்தா ஓட்டுப் போட்ட மாதிரியே இல்லப்பா. வாசல்ல நாயைக் கட்டிப் போட்டுட்டு, பால் வாங்கப் போற மாதிரி உள்ளே போய்ட்டு வர்றாங்க."

"அழிச்சிடு கண்ணு. பஸ்ல..."

"பஸ்லதான் இருக்கேன். பக்கத்துல ஒரு அம்மா, இது என்னன்னு கேட்டாங்க. எங்க ஊர்ல ஓட்டுப் போட்டா இப்படித்தான்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. தன்னோட விரலைத் திருப்பிப் பார்த்துக்கிட்டாங்க. என்னப்பா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னேன். பிறகுதான் பாத்திரத்தைத் திறந்தேன். போட்டோவை இக்காவிடம் காட்டியபோது கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். விரலைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கோடு கொஞ்சம் கோணல்" என்றார். அன்று சாயாவில் சர்க்கரை கூடுதலாக இருந்தது.

மறுநாள் முடிவு வந்தது. கூட்டத்தோடு நடந்த அந்த மனிதர்தான் ஜெயித்தார். நான் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டேன். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"தோத்துட்டோம்ப்பா" என்றாள். இங்கே எங்கள் ஆள் தோற்கும்போது சொல்லும் அதே குரல்.

இனி என்ன ஆகும், எந்த விதி மாறும், அந்தத் தெருவில் அவள் எத்தனை வருடம் இருப்பாள் என்று எதுவும் எனக்குத் தெரியாது.

"விரல்ல கோடு இருக்கா?" என்று கேட்டேன்.

"எங்கே? ஒவ்வொரு பேஷண்டுக்கும் கை கழுவணுமே. நேத்து மத்தியானமே போயிடுச்சு."

"அது மட்டமான மார்க்கர், மோளே. அடுத்த தடவை நல்லதா வாங்கி வச்சுக்கோ."

அவள் சிரித்தாள். பின்னால் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வீடு சேரும்வரை போனை வைக்க வேண்டாம் என்றேன்.